ஊற்றாங்குடியின் சம்மதம்

2071ஆம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் தெளிவு, வெப்பம் இருபத்து நான்கு டிகிரி, வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. இவ்வளவையும் அறிவித்துவிட்டு, அரசு வாகனத்தின் திரை ‘இனிய பயணம் அமைக’ என்று வாழ்த்தியது. பயணம் என்னவோ கால் மணி நேரமாக நின்றுபோயிருந்தது.

விசாரணை அலுவலர் மிருதுளா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஊற்றாங்குடியின் எல்லையில், ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய ஒரு சிறு பாலம். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர். இந்தப் பக்கம் ஒரு பால் வண்டி. டிராக்டர்காரர் பால் வண்டிக்கு வழிவிட்டுப் பின்வாங்கினார். அதைக் கண்டு நெகிழ்ந்த பால் வண்டிக்காரர் தாமும் பின்வாங்கினார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் முன்னே வந்தார்கள். ஒரே நேரத்தில் மீண்டும் பின்வாங்கினார்கள்.

“நீங்க போங்கண்ணே.”

“பரவால்லப்பா, நீ போ. எனக்கென்ன அவசரம்?”

“எனக்கும் ஒண்ணும் இல்லண்ணே.”

மிருதுளாவுக்கு அவசரம் இருந்தது. இறங்கி நடந்துபோய்ப் பாலத்தின் நடுவில் நின்று, “பால் வண்டி முதல்ல. டிராக்டர் அப்புறம். இது அரசாணை,” என்றார். இருவரும் மகிழ்ச்சியோடு கும்பிட்டார்கள். ‘இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை’ என்று டிராக்டர்காரர் பாராட்டவும் செய்தார்.

மாவட்ட அலுவலகத்தில் மிருதுளாவின் கோபம் பிரசித்தம். கோப்பில் தேதி பிழையாக இருந்தால், கோப்பும் அதைக் கொண்டுவந்தவரும் ஒரே வேகத்தில் வெளியேறுவார்கள். அவருக்குத் தேநீர் கொண்டுபோவதற்கு ஊழியர்கள் முறை வைத்திருந்தார்கள். இத்தகையவரை இந்த ஊருக்கு அனுப்பியதற்குக் காரணம் இருந்தது.

ஊற்றாங்குடிக்கு அடியில் லித்தியம் செறிந்த களிமண் கிடக்கிறது. உலகத்தின் வண்டிகளும் விளக்குகளும் மின்கலத்தை நம்பியிருக்கும் காலத்தில், அது வெறும் களிமண் அன்று. இரண்டாண்டுகளுக்கு முன் நீலவொளி என்ற நிறுவனம் அந்த லித்தியத்தை எடுக்க அனுமதி கேட்டது. சட்டப்படி ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். மற்ற ஊர்களில் அத்தகைய கூட்டங்களில் நாற்காலிகள் பறக்கும். ஊற்றாங்குடியில் எல்லோரும் கை தூக்கினார்கள். அடுப்பில் வைத்த தேநீர் கொதிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. இப்போது அதே ஊரைச் சேர்ந்த ஒருவர், அந்தச் சம்மதம் செல்லாது என்று மனுக் கொடுத்திருக்கிறார். மனு மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தது. செல்லுமா, செல்லாதா என்று முடிவெழுதுவது மிருதுளாவின் வேலை.

மேலத்தெருவில் இருந்த விருந்தினர் இல்லத்தில் அவரை வரவேற்றவர் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

“அறை எங்க இருக்கு?” என்றார் மிருதுளா.

அவர் புன்னகைத்தார், பதில் சொல்லவில்லை. மிருதுளா இரண்டாம் முறை கேட்டார். இரண்டாம் முறையும் புன்னகையே கிடைத்தது. பிறகுதான் விளங்கிற்று: வந்தவர் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அவரிடம் பேச்செடுப்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு. எந்த வீட்டுக்குப் போனாலும் இதுவே முறை. மிருதுளா குடித்தார். தண்ணீர் நன்றாகவே இருந்தது.

பிற்பகல் நீலவொளியின் தலைமை வேதியியலர் ஆல்பின் ஆலையைச் சுற்றிக் காட்டினார். வட்ட முகம், நிதானமான நடை; தம் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் மலர்ந்துவிடும் மனிதர்.

“தோண்டுறதே கிடையாது மேடம். களிமண் ஏடு ஏடா இருக்கும், வாழைப்பட்டை மாதிரி. அந்த ஏடுகளுக்கு நடுவுல லித்தியம் உக்காந்திருக்கு. ஆழ்துளை போட்டு வெதுவெதுப்பா உப்புத் தண்ணி உள்ள அனுப்புறோம். உப்புல இருக்கிற சோடியம் போயி அந்த இடத்துல உக்காந்துக்கும். லித்தியம் எழுந்து வந்துடும்.”

“எழுந்திருக்க மாட்டேன்னா?”

“டவுன் பஸ்ல கும்பலா ஏறி நெருக்கினா, ஓரத்துல உக்காந்திருக்கிற ஒல்லிப்பையன் எழுந்துதானே ஆகணும்? அதே கதைதான். மேல வந்ததும் ஒரு சல்லடை இருக்கு. லித்தியத்தை மட்டும் பிடிச்சு வெச்சுக்கும். மிச்சத் தண்ணி திரும்ப மண்ணுக்கே போயிடும். ஊருல ஒரு செடி வாடலை, ஒரு சுவர் விரியலை.”

“அப்ப எதுக்கு மூணு பெட்டி மனு?”

“லோகித் சார் எழுதுறதை நிறுத்தலையே மேடம். நிறுத்தியிருந்தா ஒரு பெட்டியோட போயிருக்கும்.”

மறுநாள் காலை மிருதுளா ஊரை நடந்து பார்த்தார். மேலத்தெரு, பாலத்தில் கண்ட ஊர்தான். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. போடும் வழக்கம் இல்லை. தேநீர்க் கடையில் நால்வர் அரசியல் பேசினார்கள். நால்வரும் ஒரே கருத்தினர். கோயிலைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் நுழைந்ததும் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது. ஒரு வண்டி நிறுத்தும் இடத்துக்காக இருவர் சட்டையைப் பிடித்திருந்தார்கள். ஒரு வீட்டின் முகப்பில் நாடகக் குழு ஒன்றின் பலகை தொங்கியது. அடுத்த வீட்டில் கல்யாணம் நின்றுபோனதை ஒரு பெண் தெருவுக்கே கேட்கும்படி கொண்டாடிக்கொண்டிருந்தார். கீழத்தெருக் கிரிக்கெட் அணி இரண்டு பருவமாகத் தோற்கவே இல்லை என்றும், மேலத்தெரு அணி ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வென்றவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுக்கிறது என்றும் சொன்னார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் தர்ஷிகாவின் வீடு கீழத்தெருவின் கடைசியில் இருந்தது. ஐம்பதைக் கடந்தவர், கண்ணைச் சுற்றிக் கருவளையம். சொம்பை நீட்டினார், மிருதுளா குடித்து முடித்தார், அதற்குமேல் தர்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை.

“மனுப் போட்டவன் என் தம்பிங்கம்மா. லோகித்து. நான் சொல்றேன், அந்த மனுவைத் தள்ளிடுங்க.”

“தம்பி மனுவை அக்காவே தள்ளச் சொல்றீங்களா?”

“அவன் கூட்டுறவு பேங்க்ல கணக்கு எழுதிட்டிருந்தவன். ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்க மாட்டான். ஒரு வருஷமாத் தூக்கம் இல்லை. விடிய விடிய எழுதுறான், பகல் பூரா பேசுறான். போன மாசம் மேல்நிலைத் தொட்டி மேல ஏறி நின்னுட்டான். ஏன்டான்னா, ‘இங்கேருந்து பாத்தா ஊரே தெளிவாத் தெரியுதுக்கா’ங்கறான். கால் ஒரு சாண் தள்ளியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“காட்டாம என்ன? மாத்திரை குடுத்திருக்காரு. தொட மாட்டேங்கறான்.”

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தொட மாட்டேன்! மாத்திரை போட்டா மனுப் போட்டவன் நோயாளி ஆயிடுவான். நோயாளி போட்ட மனுவை எவன் படிப்பான்?” குரலைத் தொடர்ந்து ஆளும் வந்தார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடல், மின்னும் கண்கள், காதில் பேனா. “வணக்கம் மேடம். பஞ்சாயத்துத் தலைவர் என் அக்கா. எனக்கு எதிர்த்தரப்பும் என் அக்கா. எனக்குச் சோறு போடறதும் என் அக்கா. என் நிலைமையை எண்ணிப் பாருங்க!”

“சோத்தை எங்கடா திங்கிற?” என்றார் தர்ஷிகா.

அதன்பின் லோகித் பேசியதை மிருதுளாவால் முழுமையாகப் பின்தொடர முடியவில்லை. களிமண்ணில் தொடங்கி, வாக்காளர் பட்டியலுக்குத் தாவி, கடல்மட்டத்தைத் தொட்டு, மீண்டும் களிமண்ணுக்கு வந்தார். ஒவ்வொரு வாக்கியமும் அறிவுடையதாக இருந்தது. இரண்டாவது வாக்கியம் முதலாவதோடு சேர மறுத்தது. வழக்கமான மிருதுளா அரை நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தியிருப்பார். இப்போது பொறுமையாகக் கேட்டார். பொறுமைக்குக் காரணம் தேடத் தோன்றவில்லை.

நாள்கள் இனிமையாகக் கழிந்தன. இரண்டாம் வார இறுதியில் ஆல்பின் ஒரு முன்மொழிவோடு வந்தார்.

“ஒரு விஷயம் மேடம். இந்த ஊர்க் கிணத்துத் தண்ணியில ஆதியிலேருந்தே லித்தியம் கரைஞ்சு வந்துட்டிருந்தது. மத்த ஊரைவிடப் பல மடங்கு. கீழத்தெருப் பக்கம் நாங்க வேலை ஆரம்பிச்சதும், அங்க கிணத்துல இருந்ததும் சேர்ந்து வந்துடுச்சு. மேலத்தெருவுக்கு வேற ஊத்து. அது அப்படியே இருக்கு.”

“இருந்தா என்ன, போனா என்ன?”

“மனசை ஆத்துற மருந்து மேடம் அது. டாக்டர்ங்க தலைமுறை தலைமுறையாக் குடுக்கறாங்க. கிணத்துல இருக்கறது மருந்தளவு இல்லைதான். ஆனா பொறந்ததுலேருந்து தினம் குடிச்சா? ரெண்டு தெருவையும் பாத்தீங்கல்ல.” சற்று நிறுத்திப் புன்னகைத்தார். “நானே மேலத்தெருத் தண்ணிதான் குடிக்கிறேன். இங்க வந்த பிறகுதான் என் கல்யாணம் நிலைச்சுது. வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா.”

“சரி. நிறுவனம் என்ன செய்யணும்கிறீங்க?”

“எடுத்ததுல ஒரு துளியைக் கீழத்தெருத் தொட்டிக்கே திரும்பக் கலந்து குடுத்துடுறோம். தலைவரம்மா சம்மதிச்சுட்டாங்க. அவங்க தம்பியும் தூங்குவாரு. தெருவும் அடங்கும். எல்லாருக்கும் நல்லது.”

“அப்படியா? நல்ல யோசனைதான்,” என்றார் மிருதுளா.

அன்று பிற்பகல் மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருடைய உதவியாளர் அழைத்தார். ஒரு முக்கியக் கோப்பு தவறான துறைக்குப் போய்விட்டதாகவும், முழுப் பொறுப்பும் தம்முடையதே என்றும் நடுங்கும் குரலில் சொன்னார்.

“பரவால்லம்மா. மனுஷங்கதானே நாம. சாப்பிட்டியா?” என்றார் மிருதுளா.

மறுமுனையில் கிசுகிசுப்பு எழுந்தது. பிறகு, “மேடம்... உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நாங்க வேணா வண்டி அனுப்பட்டுமா?” என்று உதவியாளர் கேட்டார். பின்னால் யாரோ விசும்புவதும் கேட்டது.

மிருதுளா தொலைபேசியை வைத்துவிட்டு, மேசை மீதிருந்த சொம்பைப் பார்த்தார். சினம் வரவேண்டிய இடத்தில் தேடினார். அங்கே இதமான ஒரு வெற்றிடம்தான் இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவரை அச்சுறுத்தியது.

அன்று முதல் வெளியூரிலிருந்து தண்ணீர் வரவழைத்தார். உடம்பு தெளிய நாளாகும் என்று மருத்துவர் சொன்னார். இடைப்பட்ட காலத்தில் வழக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு விந்தை வெளிப்பட்டது. சம்மதம் செல்லும் என்று எழுதினால் ஆலை ஓடும். ஊர் முழுதும் தண்ணீர் மாறும். மாறிய தண்ணீரைக் குடிப்பவர்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறுவார்கள். செல்லாது என்று எழுதினால் ஆலை நிற்கும். பழைய தண்ணீர் ஊறும். அதைக் குடிப்பவர்கள் கேட்ட மாத்திரத்தில் கை தூக்குவார்கள். எந்தப் பக்கம் எழுதினாலும், மை காய்வதற்குள் ஊர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளும். குடிபோதையில் வந்தவரின் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவுசெய்ய மாட்டார். நாளை தெளிந்து வரச் சொல்வார். இங்கே எது போதை, எது தெளிவு? பிறந்த நாள் முதல் குடித்த தண்ணீரைப் போதை என்றால், தாய்ப்பாலை என்னவென்பது?

அவர் லோகித்தைத் தேடிப் போனார். லோகித் நான்காவது பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். தர்ஷிகா அடுப்பங்கரை வாசலில் நின்றார்.

“லோகித், உங்க மனுவைப் படிச்சேன்.”

“முழுசுமா?”

“முழுசும். எனக்குப் புரியலை. அரைப்பக்கத்துல எழுதிக் குடுங்க.”

லோகித் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. “முடியலையே மேடம். ஒரு வரி எழுதினா அதுலேருந்து பத்து வரி கிளம்புது. அரைப்பக்கம் எழுதணும்னா நான் தூங்கணும்.”

“தூங்குங்க.”

“தூங்கணும்னா மாத்திரை போடணும். போட்டா மனு போச்சு. அக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா? மேலத்தெருத் தண்ணியைக் குடம் குடமாக் கொண்டாந்து கலந்து வெச்சுது. நாக்குல வெச்சதும் கண்டுபிடிச்சுட்டேன்ல!”

“பின்ன, கண்ணெதிர்ல நீ சாகறதைப் பாத்துட்டு நிக்கச் சொல்றியாடா?” என்று தர்ஷிகா வெடித்தார். “அம்மா, தெருவுக்கே திரும்பக் கலக்கச் சம்மதிச்சது இவனுக்காகத்தான். குழாயிலேயே வந்துட்டா இவன் எங்க போவான்? முன்னாடியா இருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எனக்கும் அந்தத் தண்ணி நின்னு போச்சே. பயமும் சேர்ந்து வந்துடுச்சு.”

மிருதுளா லோகித்தின் எதிரில் இருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

“ரெண்டு வாரமா இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் நான் விசாரணை நடத்தினேன். அந்தத் தண்ணி உள்ள இருக்கிற நான் விசாரணை நாற்காலியில உக்காரலாம்னா, அதே மருந்தை மாத்திரையா முழுங்கின நீங்க என் எதிர்ல நிக்கக் கூடாதா? மாத்திரை போட்டவர் மனுவும் மனுதான். நான் படிப்பேன்.”

“மாத்திரை போட்டு, நானே மனுவை வேண்டாம்னுட்டா?”

“அப்ப அது நீங்க சொன்னது. உங்க அக்கா குடத்துல கலந்து சொல்ல வெச்சது இல்லை.”

லோகித் நீண்ட நேரம் பேசவில்லை. அந்த வீட்டில் ஓராண்டாக நிகழாத நிகழ்ச்சி அது. பிறகு அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார். தர்ஷிகா மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்தார். லோகித் தண்ணீரை ஐயத்தோடு பார்த்தார்.

“நம்ம பம்புத் தண்ணிதான்டா! சத்தியமா!”

விசாரணை மார்ச் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து அளவைச் சரிசெய்தார். முதல் வாரம் பயனில்லை. அடுத்த வாரம் லோகித் மதியச் சாப்பாட்டுத் தட்டின் எதிரிலேயே உறங்கிப்போனார். தர்ஷிகா தட்டை எடுக்காமல் பக்கத்திலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று பஞ்சாயத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. மேலத்தெரு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கீழத்தெரு நின்றுகொண்டு கத்தியது. நீலவொளியின் வழக்குரைஞர் சென்னையிலிருந்து திரையில் தோன்றினார். ஆல்பின் முன்வரிசையில் அமைதியே உருவாக அமர்ந்திருந்தார். லோகித் மெதுவாக எழுந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். மாத்திரையால் கையில் இலேசான நடுக்கம். அந்தக் கையில் ஒரே ஒரு தாள்.

“மனுவை வாபஸ் வாங்கறீங்களா லோகித்?” என்றார் மிருதுளா.

“இல்லைங்க மேடம். சுருக்கிட்டேன்.” அவர் மூச்சு விட்டுக்கொண்டார். “முன்ன நூறு யோசனை வந்துச்சு. இப்ப ஒண்ணுதான் வருது. அதுவும் மெதுவாத்தான் வருது. அதைக் கேட்டுட்டு உக்காந்துடுறேன். ஆல்பின் சார், இந்த ஊருக்கு அடியில லித்தியம் இருக்குன்னு உங்களுக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சுது?”

மிருதுளாவின் பேனா நின்றது. ஆல்பின் தம்மிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்ன அன்று, இந்தக் கேள்வி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அன்று மிருதுளா ‘நல்ல யோசனைதான்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

திரையில் வழக்குரைஞர், “இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை,” என்று தொடங்கினார். ஆனால் பொய் சொல்வதற்கும் மழுப்புவதற்கும் மனிதனுக்குக் கொஞ்சம் பதற்றம் வேண்டும். மேலத்தெருத் தண்ணீரை மூன்றாண்டுகளாகக் குடித்துவந்த ஆல்பினிடம் அது துளியும் இல்லை.

“கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுத்தான் சார்,” என்றார் அன்போடு. “எல்லா ஊரிலயும் மாதிரி எடுத்தோம். இங்க லித்தியம் எக்கச்சக்கமா இருந்துச்சு. அப்பதான் அடியில களிமண் இருக்கணும்னு தெரிஞ்சுது.”

“ஊரைக் கூட்டிக் கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி சார். ஒரு வருஷம் முன்னாடி.”

“அதைக் குடிச்சா மனசு எப்படி இருக்கும்னும் தெரியுமா?”

“தெரியும் சார். அறிக்கையில நானே எழுதியிருந்தேன். ஊர்க் கூட்டத்துல அதை வாசிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

வழக்குரைஞர் திரையில் கண்களை மூடிக்கொண்டார். கீழத்தெருவின் கூச்சலில் மண்டபத்தின் கூரை அதிர்ந்தது. மேலத்தெருவிலும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். எழுந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உக்காருங்க!” என்று மிருதுளா மேசையைத் தட்டினார். அந்தக் கோபம் தமக்குத் திரும்பி வந்துவிட்டதை ஒருவகை மகிழ்ச்சியோடு கவனித்தார். எந்தத் தண்ணீர் போதை என்ற புதிர் அவருக்கு இனித் தேவைப்படவில்லை. ஊர் எந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கை தூக்கினால் என்ன? கேட்டவருக்குத் தெரிந்திருந்தது, கேட்கப்பட்டவருக்குச் சொல்லப்படவில்லை. சம்மதம் அங்கேயே செத்துப்போயிற்று.

வழக்குரைஞர் அதற்குள் தேறிக்கொண்டார். “அலுவலர் அவர்கள் இந்த ஊர்த் தண்ணீரை வாரக்கணக்கில் அருந்தியிருக்கிறார். அவர் இன்று எழுதும் முடிவு எப்படிச் செல்லும்?”

மண்டபம் சிரித்தது. மிருதுளா சிரிக்கவில்லை.

“நியாயமான கேள்வி. இன்னிக்கு எழுத மாட்டேன். மாவட்டத் தலைநகருக்குத் திரும்பிப் போயி, ஒரு மாசம் என் வீட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டு எழுதுறேன்.”

அவ்வாறே செய்தார். அந்த மாதத்தில் மின்தூக்கி பழுதுபார்க்க வந்தவரோடு ஒரு சண்டை, பக்கத்து வீட்டு நாய் குறித்து ஒரு சண்டை, தவறான துறைக்குப் போன கோப்பு பற்றித் தாமதமாக ஒரு சண்டை என்று இயல்புநிலை மீண்டது. தேநீர் முறை மறுபடி அமலுக்கு வந்தது, உதவியாளர் நிம்மதியடைந்தார். மிருதுளா முடிவை எழுதி, பத்து நாள் தொடாமல் வைத்திருந்து, பிறகு படித்துப் பார்த்தார். பெயரடைகளை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. கையெழுத்திட்டார்.

மே மாத நடுப்பகுதியில், வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில், இரு தரப்பினரும் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தார்கள். நிறுவனத்தின் சார்பில் ஆல்பின் வந்திருந்தார். மண்டபத்தில் சொன்ன பதிலுக்காக அவரை வேலையிலிருந்து நீக்க முயன்றார்களாம். சல்லடையின் நுட்பம் வேறெவருக்கும் தெரியாததால் வைத்துக்கொண்டார்களாம். இதை அவர் வருத்தமின்றிச் சொன்னார். தர்ஷிகாவும் லோகித்தும் அருகருகே உட்கார்ந்தார்கள்.

மிருதுளா முடிவின் சாரத்தைச் சொன்னார். பழைய சம்மதம் செல்லாது. ஆலை நிற்கும். கிணற்று நீர் ஒன்று, வெளியிலிருந்து கொண்டுவரும் நீர் ஒன்று என்று ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு குழாய்களை நிறுவனம் அமைக்க வேண்டும். எதில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும் என்று எல்லோருக்கும் புரியும்படி எழுதிவைக்க வேண்டும். எதைத் திறப்பது என்பது அவரவர் விருப்பம். ஓராண்டு கழித்து ஊரை மீண்டும் கூட்டிக் கேட்க வேண்டும். அதுவரை யாருடைய தண்ணீரிலும் யாரும் எதையும் கலக்கக் கூடாது.

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் தர்ஷிகாவைப் பார்த்தார். தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டார்.

“தம்பி எப்படி இருக்கார்?”

“தூங்கறான்மா. முன்ன மாதிரி கலகலன்னு பேசறதில்லை. அந்தப் பழைய கணக்கு எழுதற லோகித்தாவும் இல்லை. இது யாரோ மூணாவது ஆளு. பழகிக்கிட்டிருக்கோம்.”

“நானும்தான் பழகிட்டிருக்கேன்,” என்றார் லோகித்.

மிருதுளா கையெழுத்திட்ட படியைக் கையில் எடுத்தார். தர்ஷிகா உடனே கை நீட்டவில்லை.

“ஒண்ணு கேட்டுக்கறேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்த் தண்ணியைத் தொடாம, ஒரு மாசம் உங்க ஊர்த் தண்ணியைக் குடிச்சுட்டுத்தானே இதை எழுதினீங்க?”

“ஆமாம்.”

“உங்க ஊர்த் தண்ணியில என்ன இருக்குன்னு யாராச்சும் பாத்திருக்காங்களா?”

ஆல்பின் ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். நகராட்சி குழாய்த் தண்ணீரைச் சோதிக்கத்தான் செய்கிறது. கிருமியைத் தேடுகிறது, உப்பைத் தேடுகிறது. தேடாத ஒன்று அதில் இருந்தால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த அலுவலகத்தில் எல்லோரும் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று மிருதுளா முதன்முறையாக எண்ணிப் பார்த்தார். தாம் ஏன் அப்படிப் பேசுகிறோம் என்றும்.

“தெரியலை,” என்றார். அந்த அலுவலகத்தில், அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டவர் அதுவரை எவருமில்லை. வாசலருகே நின்ற உதவியாளர் திரும்பிப் பார்த்தார். “யாரும் பாக்கலை. நானும் கேக்கலை.”

தர்ஷிகா அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

“அப்ப சரிம்மா,” என்றார். “தெரியலைன்னு சொல்லிட்டுத்தானே குடுக்கறீங்க.”

மிருதுளா எழுந்து நின்று முடிவை நீட்டினார். தர்ஷிகா இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.